பார்க்கும்வரை நகராதது

கடம்பத்தூரில் அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் செஞ்சி பனம்பாக்கம், மணவூர் தாண்டித் திருவாலங்காடு வரும். ஈசன் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய ரத்தின சபை அங்கேதான் இருக்கிறது. பேயுருவம் கேட்டுப் பெற்ற காரைக்கால் அம்மையார் அந்த ஆட்டத்தின் காலடியில் அமர்ந்து பாடியதாக மரபு. பக்கத்து ஊர் பழையனூர், நீலியின் ஊர். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் மறுபிறவியில் வணிகனாக வந்தபோது அவள் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று வேளாளர் சபையில் அழுது முறையிட்டாள். அந்தக் கண்ணீரை நம்பிய எழுபது பேரும் வணிகனின் உயிருக்குத் தாங்கள் பிணை என்றார்கள். விடிந்தபோது அவன் செத்துக் கிடந்தான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

காலத்தைத் தாண்டி வந்து ஆளைத் தேடும் பூதம் தொண்டை மண்டலத்துக்குப் புதிதல்ல. நீலியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பூதத்தை அறிமுகம் செய்வது எளிது. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடர் 1963 நவம்பர் 23-ல் தொடங்கியது. வேற்றுக்கிரகவாசியான ஒரு ‘டாக்டர்’, நீலநிறப் போலீஸ் பெட்டி போன்ற ஒரு கலத்தில் காலத்தின் முன்னும் பின்னும் பயணம் போகும் கதை அது. அதில் எத்தனையோ பூதங்கள் வந்துபோயின. 2007 ஜூன் 9-ல் ஒளிபரப்பான ‘பிளிங்க்’ என்ற அத்தியாயத்தில் எழுத்தாளர் ஸ்டீவன் மொஃபட் படைத்த ‘அழும் தேவதைகள்’ மட்டும் தனி ரகம். மறு ஆண்டே அந்த அத்தியாயம் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதைப் பெற்றது.

இந்தத் தேவதைகள் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் சிறகு வைத்த சிலைகளைப் போல இருக்கும். முகத்தைக் கைகளால் மூடியபடி நிற்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது வெறும் கல். கண்ணைச் சிமிட்டினால் ஓரடி நெருங்கியிருக்கும். மறுபடி சிமிட்டினால் கைகள் முகத்தை விட்டு இறங்கியிருக்கும், கோரைப்பல் தெரியும். மூன்றாவது சிமிட்டலில் தொட்டுவிடும். தொட்டால் சாவு கிடையாது; பல பத்தாண்டுகள் பின்னால் தூக்கி எறியப்படுவீர்கள். அங்கே வாழ்ந்து, மூப்படைந்து, இயல்பாக இறந்துபோவீர்கள். நிகழ்காலத்தில் நீங்கள் வாழாமல் விட்ட நாட்களின் ஆற்றலே அதற்கு உணவு. அது முகத்தை மூடிக்கொள்வது துக்கத்தினால் அல்ல. இன்னொரு தேவதை தற்செயலாகத் தன்னைப் பார்த்துவிட்டால், இரண்டும் என்றைக்கும் உறைந்துவிடும் என்ற பயம்.

தமிழ் வாசகருக்கு இதில் கூடுதலாக ஒரு நடுக்கம் உண்டு என்று நினைக்கிறேன். நம் மரபில் பார்ப்பது சிலையின் வேலை. ஸ்தபதி மற்ற எல்லா அங்கத்தையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் கண் திறப்பார். அதற்கென்று நாளும் நேரமும் சடங்கும் உண்டு. ஊர் எல்லையில் முனியப்பன் உருட்டி விழித்துக்கொண்டு நிற்பது ஊரைக் காக்க. இங்கே எல்லாம் தலைகீழ்: கண் நம்முடையது, காவல் நம்முடையது, அசந்தால் போச்சு.

தேவதைகள் ஏன் உறைகின்றன என்பதற்குத் தொடர் ஒரு காரணம் சொல்கிறது. அவை ‘குவாண்டம் பூட்டு’ போட்ட உயிரினங்களாம். பார்க்கப்படும் கணத்தில் கல்லாகிவிடுமாம். பெரும்பாலான தொடர்களில் ‘குவாண்டம்’ என்பது விபூதி மாதிரி, எதன்மேலும் தூவலாம். ஆனால் இந்த ஒரு இடத்தில் சொல்லுக்குப் பின்னால் சரக்கு இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் மாறாமல் நின்றுவிடும் பொருள் உண்டா என்ற கேள்வியைக் கறாரான கணிதமாக்கி, பதில் கண்டு, அதற்குப் பெயரும் வைத்தவர்களில் ஒருவர் தாம்பரத்தில் படித்தவர்.

அவரிடம் போகும் முன், ஒரு பொய் உறைதலை ஒதுக்கிவிட வேண்டும். அதைப் பார்க்க லேத் பட்டறைக்குள் போனால் போதும். கடம்பத்தூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழைய டர்னரிடம் தொழில் படித்தவர்களுக்கு முதலில் கிடைத்த பாடங்களில் இது ஒன்றாக இருக்கும்: “தம்பி, சக் ஓடுதா நிக்குதான்னு கண்ண நம்பாத. சுவிட்ச பாத்துட்டுக் கைய வை.”

காரணம் தலைக்குமேல் எரியும் சோக் வைத்த பழைய டியூப்லைட். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சம் தொட்டு இரண்டு முறை பூஜ்யமாகிறது. ஆகவே அந்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கிப் பிரகாசிக்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. இப்போது, பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 25 சுற்று. ஒரு பிரகாசத்துக்கும் அடுத்த பிரகாசத்துக்கும் இடையில் சக் சரியாகக் கால் சுற்று திரும்பியிருக்கும். அது நாலு ஜா, அதாவது கவ்வும் தாடை, வைத்த சக்காக இருந்தால், ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒரு ஜா போன இடத்தில் அடுத்த ஜா வந்து நிற்கும். கண்ணுக்குச் சக் அப்படியே நிற்கிறது. மூன்று ஜா சக் என்றால் இதே மாயம் 2000 சுற்றில் நடக்கும். வேகம் துளி குறைந்தால் சக் மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்வது போலத் தோன்றும். அதை நம்பிக் கையை நீட்டுகிறவரின் விரல் போய்விடும்.

இதற்குப் பட்டறையிலேயே மருந்து உண்டு. அடுத்தடுத்த விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போடுவார்கள். ஒன்று மங்கும்போது இன்னொன்று பிரகாசிக்கும். லேத்துக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பைத் தனியாகத் தொங்கவிடுவார்கள்; அதன் இழை நூறில் ஒரு நொடிக்குள் ஆறிவிடாது என்பதால் வெளிச்சம் அவ்வளவாகத் துடிப்பதில்லை. எலக்ட்ரானிக் சோக் வந்தபின் ஆபத்து பெரிதும் குறைந்தது. இந்த உறைதல் பார்ப்பவரின் கண்ணில் மட்டும் நடக்கிறது. சக் ஒருபோதும் நிற்கவில்லை. தாம்பரத்தில் படித்த அந்த இயற்பியலாளர் சுதர்சன் கேட்டது வேறு: விட்டு விட்டுப் பார்ப்பதாலேயே பொருள் உண்மையில் நின்றுவிடுமா?

எண்ணக்கல் சாண்டி ஜார்ஜ் சுதர்சன் 1931-ல் கோட்டயம் அருகே பள்ளம் என்ற ஊரில் பிறந்தார். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பம்பாய் டாடா ஆய்வு நிறுவனம் வழியாக அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்று ராபர்ட் மார்ஷக்கிடம் ஆய்வு செய்தார். வலுக்குறைந்த அணுக்கரு விசையின் வடிவத்தை இருவரும் 1957-ல் கண்டு சொன்னார்கள். 1980-களில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2005-ல் ஒளியின் குவாண்டம் கோட்பாட்டுக்காக ராய் கிளாபருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அதில் தமக்கும் பங்கு உண்டு என்று வெளிப்படையாக எழுதினார். இயற்பியலாளர் பலர் அவர் பக்கம் நின்றார்கள். அவர் விடுபட்டதை என் மனம் இன்றும் ஏற்கவில்லை. அந்தக் கோட்பாட்டின் மையச் சூத்திரம் ஒன்று இருவர் பெயரையும் தாங்கியே பாடநூல்களில் இருக்கிறது.

1977-ல் ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த சுதர்சன், பைத்யநாத் மிஸ்ராவோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். சிதையக்கூடிய ஒரு துகளை, சிதைந்துவிட்டதா என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. கணிதம் தந்த பதில்: அது சிதையவே சிதையாது. பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓரிடத்தில் நிற்கிறது, அப்படியானால் அது எப்போதுதான் பறக்கிறது என்று கேட்ட பழைய கிரேக்க ஸீனோவின் பெயரை அவர்கள் இதற்கு வைத்தார்கள். கணினி இயலின் முன்னோடி ஆலன் டூரிங்கும் 1954-ல் இதே புதிரைத் தொட்டிருக்கிறார். அதை நிறுவிப் பெயர் சூட்டியது ஆஸ்டின் கட்டுரை.

கணக்கு எளிது, பேனா எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். நாம் பழகிய உலகில் ஒரு விஷயம் ஒரு நொடியில் நடக்க நூற்றில் ஒரு வாய்ப்பு இருந்தால், பத்தில் ஒரு நொடியில் நடக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. பத்து முறை எட்டிப் பார்த்தாலும் மொத்த வாய்ப்பு அதே நூற்றில் ஒன்று. பார்ப்பதால் ஒன்றும் மாறவில்லை. குவாண்டம் உலகில் ஆரம்பக் கணங்களின் கணக்கு வேறு. அங்கே நேரத்தோடு நேராக வளர்வது ‘வீச்சு’ என்ற ஒன்று. வாய்ப்பு அதன் வர்க்கம். நேரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் வாய்ப்பு நூறில் ஒன்றாகச் சுருங்கும். நொடிக்கு நூற்றில் ஒன்று என்றிருந்தது, பத்தில் ஒரு நொடிக்குப் பத்தாயிரத்தில் ஒன்று. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ‘இன்னும் மாறவில்லை’ என்று தெரிந்தால் வீச்சு பூஜ்யத்துக்குத் திரும்பி, எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து பார்வைக்குப் பிறகு மொத்த வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. நூறு முறை பார்த்தால் பத்தாயிரத்தில் ஒன்று. பார்வை கூடக்கூட மாற்றம் தேய்கிறது. பள்ளிக்கூட மைதானத்தில் ‘ஸ்டாச்சு’ என்று கத்தினால் அப்படியே நின்றுவிடும் பிள்ளைகள் போல, கேட்கும் ஒவ்வொரு முறையும் அணு தொடக்க நிலைக்கே வந்து நிற்கிறது.

தாளில் இருந்த இந்த முடிவை 1990-ல் கொலராடோவின் போல்டர் நகரில் வேய்ன் இட்டானோ, டேவிட் வைன்லேண்ட் குழுவினர் சோதித்தார்கள். மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்த ஒரு பொறிக்குள் ஏறக்குறைய 5000 பெரிலியம் அயனிகளை மிதக்கவிட்டார்கள். ரேடியோ அலை ஒன்று 256 மில்லி நொடி நேரம் பாய்ந்தால் எல்லா அயனிகளும் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போய்விடும். நடுவில் புற ஊதா ஒளியைச் சிறு சிறு துடிப்புகளாகப் பாய்ச்சினார்கள். முதல் நிலையில் இருக்கும் அயனி அந்த ஒளியில் மின்னும். இரண்டாம் நிலையில் இருப்பது இருட்டாகவே இருக்கும். ஆக ஒவ்வொரு துடிப்பும் ஒரு பார்வை. கோட்பாட்டின்படி, முடிவில் ஒரே முறை பார்த்தால் அத்தனையும் மாறியிருக்க வேண்டும். இரண்டு முறை பார்த்தால் பாதிதான் மாறும். நான்கு முறைக்கு நூற்றுக்கு 37.5, எட்டு முறைக்கு 23 சொச்சம், 64 முறைக்கு நூற்றுக்கு நான்கு கூட இல்லை. அளந்த எண்கள் இந்தக் கணக்கோடு ஒத்துப்போயின. வைன்லேண்ட் 2012-ல், தனித்த அணுக்களைக் கையாளும் முறைகளுக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்படியானால் மொஃபட்டின் தேவதை இயற்பியலில் பாஸா? பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

போல்டர் சோதனையில் பார்த்தது யார் என்று கவனியுங்கள். மனிதக் கண் ஒன்றும் அங்கே இல்லை. அயனியின் மேல் ஒளி பட்ட கணத்திலேயே ‘பார்த்தல்’ முடிந்துவிட்டது. தெறித்த ஒளியை எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் அயனிக்கு வித்தியாசம் இல்லை. குவாண்டம் இயற்பியலில் அளவீடு என்பது ஒரு பொருளின் தடயம் வெளியுலகில் எங்கேனும் பதிவதுதான். நம் கண் அந்தப் பதிவின் கடைசி வாசகர். தோட்டத்தில் நிற்கும் கல் தேவதையின் மேல் நிலா வெளிச்சம் ஏற்கெனவே பட்டுத் தெறித்துவிட்டது. நீங்கள் இமையை மூடினால் தெறித்த ஒளி உங்கள் இமையில் போய் விழும், அவ்வளவுதான். நிலாவும் இல்லாத கும்மிருட்டில் காற்று இருக்கிறது. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் நொடிக்கு மோதும் காற்று மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத ஒன்றுக்குப் பின்னால் 23 பூஜ்யம் போட்டு, மும்மடங்கு ஆக்க வேண்டும். அந்தச் சிலையை ஒரு கணம்கூட யாரும் தனியே விட்டுவைக்கவில்லை. கதையின் விதியை அப்படியே எடுத்துக்கொண்டால், நீங்கள் தூங்கினாலும் தேவதை அசைய முடியாது.

கூர்மையான வாசகர் இங்கே மடக்குவார்: காற்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்றால் மாட்டுவண்டி எப்படி ஓடுகிறது, கல் எப்படி உருள்கிறது? காற்று கல்லின் இடத்தைக் குத்துமதிப்பாகத்தான் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு கல்லின் வேகத்தை அழித்துப் பூஜ்யமாக்கும் அளவு கூர்மையானது அல்ல. கனமான பொருள் தன் வேகத்தைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டே இருக்கும். ஸீனோ உறைதலுக்கு, மாற்றத்தின் ஆரம்ப வர்க்கக் கணக்கு நடக்கும் மிகக் குறுகிய நேரத்துக்குள்ளேயே மறுபடி மறுபடி கேட்க வேண்டும்.

தொழிற்பேட்டையிலேயே இதற்கும் ஒரு நல்ல சாட்சி உண்டு. பாய்லர், பிரஷர் வெஸல் வெல்டிங்கில் உள்ளே ஓட்டை, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ரேடியோகிராஃபி எடுப்பார்கள். அதற்கு இரிடியம்-192 என்ற கதிரியக்கத் துண்டைப் பயன்படுத்துவது வழக்கம். இரவில் கயிறு கட்டி ஆட்களை விலக்கிவிட்டு, கனமான பெட்டியிலிருந்து அந்தத் துண்டைக் கேபிள் வழியாக வெளியே தள்ளி, வெல்டுக்குப் பின்னால் ஃபிலிம் வைத்துப் படம் எடுப்பார்கள். இரிடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 74 நாள். அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும், மானிட்டரை நீட்டி ராப்பகலாக எண்ணிக்கொண்டே இருந்தாலும் 74 நாளில் பாதிதான் மிஞ்சும். மிஸ்ரா–சுதர்சன் கட்டுரையை மேலோட்டமாகப் படித்தவர், எண்ண எண்ண அது சிதையாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அணுக்கருச் சிதைவில் வர்க்கக் கணக்கு செல்லுபடியாகும் காலம் கற்பனைக்கு எட்டாத அளவு குறுகியது. அதற்குள் எந்தக் கருவியும் இரண்டு முறை கேட்க முடியாது. அது கடந்ததும் பழைய நேர்க்கணக்கு வந்துவிடுகிறது. பத்தாகப் பிரித்தாலும் நூறாகப் பிரித்தாலும் கூட்டுத்தொகை ஒன்றே.

தேவதை மனிதரை இறந்தகாலத்துக்கு அனுப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கேயும் சுதர்சன் வந்து நிற்கிறார் என்பது எனக்குத் தீராத வியப்பு. 1962-ல் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோரோடு சேர்ந்து, பிறக்கும்போதே ஒளியைவிட வேகமாகச் செல்லும் துகள்கள் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலோடு முரண்பட வேண்டியதில்லை என்று எழுதினார். 1967-ல் ஜெரால்ட் ஃபைன்பர்க் அவற்றுக்கு டாக்கியான் என்று பெயரிட்டார். காலப்பயணக் கதைகள் அந்தப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டன. அத்தகைய துகளை ஓடும் ஒருவர் பார்த்தால் அது காலத்தில் பின்னோக்கிப் போவதாகத் தெரியலாம். சுதர்சன் குழு அதற்கு ஒரு வழி சொன்னது: எதிர்மறை ஆற்றலோடு பின்னோக்கிப் போவதாகத் தெரியும் துகளை, நேர் ஆற்றலோடு முன்னோக்கிப் போகும் துகளாகவே படிக்கலாம். அதாவது சுதர்சன் டாக்கியானை முன்வைத்தபோதே இறந்தகாலத்துக்கான கதவைச் சாத்தப் பார்த்தார். கதாசிரியர்கள் துகளை எடுத்துக்கொண்டு கதவை விட்டுவிட்டார்கள். டாக்கியான் இதுவரை எந்த ஆய்வகத்திலும் அகப்படவில்லை. 2011-ல் இத்தாலியின் ஓபெரா சோதனையில் நியூட்ரினோக்கள் ஒளியை முந்தியதாக வந்த பரபரப்புக்குக் காரணம், சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கேபிள். வாழாத நாட்களின் ஆற்றலைத் தின்பது என்ற கற்பனைக்கு எந்தச் சமன்பாடும் துணை இல்லை. அது துக்கத்தின் கணக்கு, நல்ல நாடகம்.

மொஃபட்டுக்கு நான் தரும் பாதி மதிப்பெண்ணிலும் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. அவருடைய விதியில் பார்வை ஒரே வேலையைத்தான் செய்யும்: உறைய வைக்கும். 2000-ல் இஸ்ரேலைச் சேர்ந்த காஃப்மனும் குரிட்ஸ்கியும், பார்வையின் இடைவெளி ஒரு குறிப்பிட்ட அளவில் அமைந்தால் நேர் எதிராக நடக்கும் என்று காட்டினார்கள். பார்ப்பதே மாற்றத்தை முடுக்கிவிடும். இதற்கு எதிர்-ஸீனோ விளைவு என்று பெயர். மறு ஆண்டே, சுதர்சன் பணியாற்றிய அதே ஆஸ்டின் வளாகத்தில் மார்க் ரைசனின் குழு இரண்டையும் ஒரே கருவியில் பார்த்துவிட்டது. லேசர் ஒளியால் ஆன குழிகளில் குளிர்ந்த சோடியம் அணுக்களைப் பிடித்து வைத்து, அவை சுவரை ஊடுருவித் தப்புவதை எண்ணினார்கள். மைக்ரோ நொடிக் கணக்கில் மிக நெருக்கமாகக் குறுக்கிட்டபோது தப்புவது தளர்ந்தது. இடைவெளியைக் கொஞ்சம் நீட்டியதும், குறுக்கிடாமல் விட்டதைவிட வேகமாகத் தப்பின.

ஆகவே அந்தத் தோட்டத்தில் மாட்டிக்கொண்டவர், சிமிட்டாமல் இருக்கப் பாடுபடுவதோடு தப்பிவிட முடியாது. எவ்வளவு அடிக்கடி பார்க்கிறோம் என்பதையும் அவர் கணக்குப் போட வேண்டும். தப்பான இடைவெளியில் பார்த்தால், அவர் பார்வையே தேவதையை வேகமாக அழைத்து வரும்.